ஆறில்லாத புண்ணியத் தலம்

நம் நாட்டுப் பழைய நகரம் ஒன்றின் ஆதிக் கோயிற்பகுதி எது என்று அறிய விரும்புகிறவர், முதலில் அந்நகரத்து ஆற்றங்கரைக்குப் போனால் போதும் என்பது பெரும்பாலும் பொய்க்காத விதி. காசிக்குக் கங்கையும், திருவரங்கத்துக்குக் காவிரியும், மதுரைக்கு வையையும், நெல்லைக்குத் தாமிரபரணியும் வாய்த்தன. முதலில் ஒரு படித்துறை, அதன் மேல் ஒரு மண்டபம், அடுத்து ஒரு சந்நிதி, சந்நிதியைச் சூழ்ந்து வீதிகள், வீதிகளில் அர்ச்சகரும் பூக்கட்டுவோரும் குயவரும் வணிகரும் குடியேறிய வீடுகள் என்று அந்த ஊர்களெல்லாம் நீரிலிருந்து கரையேறி வளர்ந்த விருத்தாந்தத்தை அவற்றின் தெருக்களே இன்றும் சொல்லும். இந்த விதிக்குச் சிறிதும் கட்டுப்படாமல், ஆறு என்று சொல்லத்தக்க ஒன்று எல்லைக்குள் இல்லாத நிலையிலேயே, தென்பாண்டி நாட்டின் பெருந்தலங்களுள் ஒன்றாகிவிட்ட ஊர் சங்கரன்கோயில்.

2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், அதன்பின் புதிதாகப் பிரிந்த தென்காசி மாவட்டத்திலும் அடங்கிய இவ்வூர், மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, மலையின் குளிர்ச்சி கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாத தூரத்தில் கிடக்கிறது. தெற்கே குற்றாலத்து அருவிகளைச் சுமந்துகொண்டு சிற்றாறு தாமிரபரணியை நோக்கிப் போகிறது; வடக்கே கரிவலம்வந்தநல்லூரைத் தொட்டுக்கொண்டு நிட்சேப நதி வைப்பாற்றை நோக்கிப் போகிறது. இரண்டுக்கும் இடையில், இரண்டின் தயவும் இல்லாமல், வானத்தையும் கண்மாயையும் கிணற்றையும் நம்பிப் பருத்தியும் மிளகாயும் கம்பும் விளைவிக்கும் கரிசல் பிரதேசத்தின் வாசலாக இந்த ஊர் நிற்கிறது. பழைய வெள்ளைக்காரச் சர்க்காரின் பதிவேடுகளில் சங்கரநயினார் கோயில் என்று காணப்படும் பெயரை உள்ளூரார் நெடுநாளாகச் சுருக்கிச் சங்கரன்கோயில் என்றே வழங்கி வருகிறார்கள். அதற்கும் முந்திய பெயராகத் தலபுராணம் கூறுவது புன்னைவனம்.

புராணத்தின்படி கதை இவ்வாறு செல்கிறது. உக்கிரன்கோட்டையில் இருந்து அரசாண்ட உக்கிரபாண்டியன், மதுரை மீனாட்சியைத் தரிசிக்க யானைமேல் ஏறிப் புறப்பட்டவன், வழியில் பெருங்கோட்டூரில் யானை தன் தந்தத்தை மண்ணில் குத்தி நகர மறுத்துவிட்டதால் திகைத்து நின்றான். அந்தச் சமயத்தில், புன்னைவனத்தைக் காவல் காத்து வந்த காவற்பறையன் என்பவன் ஓடி வந்து, தான் புற்று ஒன்றை வெட்டியபோது உள்ளே வால் அறுபட்ட பாம்பையும், அதன் அருகில் ஒரு சிவலிங்கத்தையும் கண்ட அதிசயத்தைத் தெரிவித்தான். அரசன் காடு திருத்தி, கோயில் எடுத்து, ஊரும் அமைத்தான். தலைமுறை தலைமுறையாக வந்த கர்ணபரம்பரை இந்த உக்கிரபாண்டியனைச் சற்றேறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வைக்கிறது. மூவர் தேவாரத்தில் இத்தலத்துக்குப் பதிகம் இல்லை என்பதும் இங்கே நினைவில் வைக்கத்தக்கது. பாடல் பெறாத தலம் பழைமையற்றது என்று முடிவு கட்டுவது பிழையாகும் என்றாலும், ஆற்றங்கரைகள் வழியே பதிகம் பாடிச் சென்ற அடியார்களின் பாதையில் இந்தப் புன்னைவனம் அகப்படவில்லை என்ற அளவுக்காவது அதிலிருந்து நாம் ஊகிக்கலாம்.

இந்தக் கதையில் யானையும் அரசனும் பெறும் கவனத்தை அந்தக் காவற்காரன் பெறுவதில்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள குறை. ஆண்டவனை முதலில் கண்டவன் அவன். அரசனுக்குத் தெய்வம் தெரிந்ததே அவன் வாய்ச்சொல்லால்தான். அவனைத் தேவலோகத்திலிருந்து சாபத்தால் வந்த மணிக்கிரீவன் என்று புராணம் உயர்த்திச் சொல்கிறது. கோயிலுக்குள் அவனுக்கு உருவமும் உண்டு. ஆனால் அவன் குலத்தார் என்று எண்ணப்பட்டவர்கள் பல நூற்றாண்டுகள் இத்தகைய கோயில்களின் வாயிலுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் ஒரு கோயிற்பகுதியின் சரித்திரத்தை எழுத முனைவது, தேரைப் பற்றி மட்டும் எழுதி வடம் பிடித்தவர்களை மறப்பதாகும். கோயிலுக்குள் மட்டுமன்று, கோயிலைச் சூழ்ந்த ரத வீதிகளிலுமே யார் ஊர்வலம் போகலாம், யார் போகலாகாது என்பது இந்த வட்டாரத்தில் நெருப்பாய்க் கனன்ற கேள்வி. கிழக்கே அதிக தூரமில்லாத கழுகுமலையில், எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பாறையைக் குடைந்தெடுத்த வெட்டுவான்கோயிலின் அழகைக் காணப் போகிறவர்கள், அதே ஊரின் ரத வீதியில் ஊர்வலம் செல்லும் உரிமையைப் பற்றிய வழக்கு முற்றி 1895-இல் கலகமாகி உயிர்கள் மாண்டதையும் அறிந்துகொண்டு போவது நலம். 1939 ஜூலையில் வைத்தியநாதய்யர் முதலியோர் மதுரை மீனாட்சி கோயிலில் ஆலயப் பிரவேசம் நடத்தி, அதன் பின் சட்டமும் வந்து, 1947-இல் மேலும் விரிவான சட்டம் இயற்றப்பட்ட பிறகே, புன்னைவனத்துக் காவலன் கண்ட இறைவனை அவன் மரபினர் உரிமையோடு காணலாம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

கோயிலின் முக்கியமான ஐதிகம் இனிமேல்தான் வருகிறது. சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள் தம்முள் வாதிட்டார்கள். சங்கனுக்குச் சிவனே பரம்பொருள். பதுமனுக்குத் திருமாலே பரம்பொருள். தீர்ப்புக் கேட்டு அம்பிகையிடம் வந்தார்கள். அம்பிகையோ தீர்ப்புச் சொல்லாமல், இரண்டு மூர்த்தமும் ஒன்றாய் நிற்கும் கோலத்தைத் தனக்குக் காட்டியருள வேண்டும் என்று இறைவனை நோக்கி ஊசிமுனையில் ஒற்றைக் காலில் தவம் இருந்தாள். ஆடி மாதத்து உத்திராட நாளில் இறைவன் வலப்பாதி சிவனாகவும் இடப்பாதி திருமாலாகவும் சங்கரநாராயணராய்த் தோன்றினான். சைவ வைணவச் சண்டைகள் எத்தனை ஊர்களில் எத்தனை தலைமுறைகளை வீணாக்கின என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தச் சண்டையையே மூலக்கதையாக வைத்துக்கொண்டு அதைத் தீர்த்தும் வைத்த ஊர் என்ற பெருமை சிறியதாகத் தோன்றாது. தென்புறம் சங்கரலிங்கம், வடபுறம் கோமதியம்மன், நடுவே சங்கரநாராயணர் என்று மூன்று சந்நிதிகள் அணிவகுத்திருக்கும் இக்கோயிலில், நடுச் சந்நிதி மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. அங்குள்ள சந்திரமௌலீசுவரர் என்னும் ஸ்படிக லிங்கத்துக்கே அபிஷேகம் நடைபெறுகிறது. அந்த லிங்கம் ஆதிசங்கரர் அளித்தது என்று சொல்லப்படுகிறது. அந்தச் சந்நிதியில் திருநீறும் தீர்த்தமும் ஒருங்கே வழங்கப்படுவதால், நெற்றிக் குறியைப் பார்த்துப் பக்தரைப் பிரிக்கும் வேலை அங்கே எவருக்கும் இல்லை.

அரியும் அரனும் ஒன்றாகிய வடிவம் இங்கு மட்டும் தோன்றியதன்று. ஆறாம் நூற்றாண்டிலேயே சாளுக்கியர் பாதாமிக் குகைகளில் அதை ஆளுயரத்துக்கு மேலாகச் செதுக்கி வைத்தார்கள். கன்னட தேசத்தில் துங்கபத்திரை நதிக்கரையில் ஹரிஹர் என்ற ஊர் முழுவதுமே அந்த மூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்குள்ள ஹரிஹரேசுவரர் கோயிலை ஹொய்சள அரசன் இரண்டாம் நரசிம்மனின் அமைச்சன் போலால்வன் 1224-ஆம் ஆண்டை ஒட்டி எடுப்பித்தான். கடல் கடந்து போனால், காம்போஜத்தில் அங்கோர் தலையெடுப்பதற்கு முன்பு தலைநகராய் விளங்கிய நகரத்துக்கே ஹரிஹராலயம் என்று பெயர். அங்கே ஒன்பதாம் நூற்றாண்டில் முதலாம் இந்திரவர்மன், 879-இல் பிரியா கோ என்ற கோயிலையும் 881-இல் பாக்கோங் என்ற கல்மலைக் கோயிலையும் எழுப்பியதோடு, ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளமுள்ள இந்திரதடாகம் என்ற ஏரியையும் வெட்டினான். ஆறு அருகில் வந்து காப்பாற்றும் என்று காத்திராமல், அரசனே நீரைத் தேக்கிக் கொடுத்து ஒரு புண்ணிய நகரத்தை நிலைநிறுத்திய அந்தக் காரியத்துக்கும், புன்னைவனத்தில் நிகழ்ந்ததற்கும், அளவில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டே ஒழிய, இயல்பில் வேறுபாடு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால் இங்கேயும் தீர்த்தம் என்பது ஓடி வந்ததன்று, தோண்டி எடுத்தது. கோயிலுக்குள் இருக்கும் நாகசுனையை அந்தச் சங்கனும் பதுமனுமே அகழ்ந்தார்கள் என்பது ஐதிகம். இந்த நாகர்கள் வாதம் செய்த அளவுக்கு வேலையும் செய்தார்கள் என்பதில் கரிசல் நாட்டு மனிதனுக்கு ஒரு திருப்தி இருந்திருக்க வேண்டும். கிணறு வெட்டுவதைவிடப் பெரிய தர்மம் அவனுக்குத் தெரியாதல்லவா? கோயிலுக்கு வெளியே ஆவுடைப் பொய்கை என்ற தெப்பக்குளம். தை மாதத்துக் கடைசி வெள்ளியன்று தெப்பம் அங்கே மிதக்கிறது. சுனை நீராட, பொய்கை தெப்பம் ஓட்ட. இரண்டுக்கும் வானம்தான் முதலாளி. மழை பெய்யாத வருஷத்தில் ஆற்றங்கரைக் கோயில்கள் மணலில் ஊற்றுப் பறித்துக் கொள்ளும். இங்கே அந்த வசதியும் இல்லை. ஆகையால் குளத்துக்கு வரும் வாய்க்கால்களைக் காப்பது இந்த ஊரில் பக்தியின் ஒரு பகுதியாகவே இருந்திருக்க வேண்டும். இன்று அது முனிசிபாலிட்டியின் அலுவல் என்று நாம் ஒதுக்கிவிட்டது சரித்திரத்துக்கு ஒத்ததாக எனக்குப் படவில்லை.

நீர் இவ்வளவு அரிதாக உள்ள ஊரில் பிரசாதமாக மண்ணே கொடுக்கப்படுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. பாம்புப் புற்றிலிருந்து எடுத்த புற்றுமண்ணை வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்வதும், தோல் நோய்க்குப் பூசுவதும், வீட்டில் விஷ ஜந்துக்கள் அண்டாதிருக்க முடிந்து வைப்பதும் இங்கு வருவோரின் வழக்கம். பாம்பு, தேள் முதலியவற்றின் உருவங்களை வாங்கிச் செலுத்துவார்கள். அம்மன் சந்நிதியில் மாவிளக்கு ஏற்றுவார்கள். பிணிக்கு மருந்து மருத்துவரிடம்தான் என்பதை இன்று எவரும் மறுக்கப் போவதில்லை. ஆயினும் வயலில் வெறுங்காலோடு நடந்து, வரப்பில் படுத்துறங்கி, ஓலைக் கூரையின் கீழ் வாழ்ந்த ஜனங்களுக்குப் பாம்பும் தேளும் அன்றாட அச்சம் என்பதை உணர்ந்தால், அந்த அச்சத்தையே தெய்வத்தின் பரிவாரமாக்கிக்கொண்ட அவர்கள் மனப்பாங்கு விளங்கும். இந்த வட்டாரத்தில் ஐம்பூதங்களுக்கும் ஐந்து தலங்களை வகுத்துச் சொல்கிறார்கள்: தாருகாபுரம் நீர், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். சங்கரன்கோயிலுக்கு வாய்த்த பூதம் நிலம். ஆற்றோரத்துக் கரிவலத்துக்கு நெருப்பையும், ஆறற்ற சங்கரன்கோயிலுக்கு மண்ணையும் கொடுத்தவர்கள் நிலநூல் படித்தவர்களோ இல்லையோ, இந்த ஊரின் சுபாவத்தை நன்றாக அறிந்தவர்கள்.

ஒன்பது நிலைகளோடு 125 அடி உயர்ந்து கரிசல் காட்டில் வெகுதூரத்துக்குத் தெரியும் ராஜகோபுரத்தைக் கடந்து நேரே போனால் சங்கரலிங்கத்தின் சந்நிதி. கிழக்கு நோக்கிய இந்தச் சந்நிதிக்குள் மார்ச், செப்டம்பர் மாதங்களில் இரவும் பகலும் சமமாகும் நாட்களை ஒட்டிச் சூரிய கிரணம் நேராக நுழைந்து லிங்கத்தின்மேல் விழுகிறது. பழைய சிற்பிகள் திசை பிடித்த நுட்பத்துக்கு இது சாட்சி. ஆனால் இந்தக் கோயிற்பகுதியின் உயிரைக் காண விரும்புகிறவர் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நின்றுவிடாமல், ஆடி மாதத்தில் வந்து, தரையைப் பார்க்க வேண்டும்.

ஆடித்தவசு என்று உள்ளூரார் சொல்லும் அந்தத் திருவிழாவுக்குக் கொடி ஏறிய நாளிலிருந்து, ஆணும் பெண்ணும், கிழவரும் குழந்தைகளும் கோயிலைச் சுற்றி நடக்கத் தொடங்குகிறார்கள். இதற்கு ஆடிச்சுற்று என்று பெயர். 101 சுற்று, 108 சுற்று என்று வேண்டிக்கொண்டு, எண்ணிக்கை தவறாமல் இருக்கக் கையில் ஏதேனும் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டு, சிலர் ஒரே நாளிலும் சிலர் பல நாட்களாகப் பகிர்ந்துகொண்டும் நடப்பார்கள். ஒற்றைக் காலில் தவமிருக்கும் அம்பாளின் கால்வலியை, நடக்கின்ற பக்தர்கள் தம் கால்களில் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது நம்பிக்கை. தெய்வத்திடம் ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்காக நடக்கும் பிரதட்சிணங்களை எங்கும் பார்க்கலாம். தெய்வத்தின் சிரமத்தைக் குறைப்பதற்காக மனிதர்கள் நடக்கும் பிரதட்சிணம் வேறு எங்கேனும் உண்டா என்று நான் வியந்ததுண்டு. ஆற்றங்கரை ஊர்களில் மூழ்கி எழுவதால் கிடைப்பதாகச் சொல்லும் புண்ணியத்தை, மூழ்க ஆறில்லாத இந்த ஊரில் ஜனங்கள் கால் தேய நடந்து சம்பாதித்துக் கொள்கிறார்கள்.

ஒன்பதாம் நாள் அம்மனுக்குத் தேர். அதன்பின் வரும் தவசு நாளில் கோமதியம்மன் சப்பரத்தில் எழுந்தருளி, தெற்கு ரத வீதியிலுள்ள தவசு மண்டபத்தில் தவக்கோலத்தில் காத்திருக்கிறாள். பகல் முழுவதும் கூட்டம் பெருகிக்கொண்டே போகும். ராஜபாளையம், கோவில்பட்டி, புளியங்குடி, திருநெல்வேலி என்று நான்கு திக்கிலிருந்தும் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இறங்கியவர்கள், கிராமங்களிலிருந்து நடந்தே வந்தவர்கள், கடைக்காரர்கள், ராட்டினக்காரர்கள், காணாமற்போன குழந்தையின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லும் காவல்துறையினர் எனத் தெருவெங்கும் தலைகள். மாலையில் சுவாமி ரிஷப வாகனத்தில் சங்கரநாராயணராக வந்து அம்மனுக்குக் காட்சி கொடுக்கிறார். அந்தக் கணத்தில் விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வற்றலையும் நெல்லையும் கம்பையும் வாரி வாரிச் சப்பரத்தின்மேல் சூறை விடுகிறார்கள். கங்கையில் பூ விடுவதைப்போல இந்த மண்ணில் விளைந்ததை இந்த மண்ணின் தெய்வத்துக்கே வீசுவதில், கூப்பிய கைகளைவிட அதிகமான உரிமை தெரிகிறது. அடுத்த வெள்ளாமைக்கு வேண்டுதலும், முடிந்த வெள்ளாமைக்குக் கணக்கும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. விளைச்சல் இல்லாத வருஷத்திலும் எவரும் வெறுங்கையோடு வருவதில்லை. கடையில் வாங்கியாவது ஒரு பிடி கொண்டுவருவார்கள். இரவு மறுபடி யானை வாகனத்தில் சங்கரலிங்கமாக இன்னொரு காட்சி. நாகர்கள் கேட்ட கேள்விக்கு விடை மாலையிலேயே கிடைத்துவிட்டபோதிலும், தன் பதியைப் பழைய வடிவத்தில் காண விரும்பிய அம்பிகைக்காக ஆண்டவன் இரண்டாம் முறையும் வீதிக்கு வருகிறான் என்று பெரியவர்கள் சொல்லும் விளக்கம் மிக மனிதத்தன்மை வாய்ந்தது. 'கோமதி மகிமை' என்று ஒரு பாடலைத் தொடங்கி முடிக்காமலே போன பாரதியாரும் இங்கிருந்து அதிக தூரமில்லாத எட்டயபுரத்துக்காரர்தாம்.

கோயிலைச் சுற்றிய வீதிகள் நாள்தோறும் பிழைப்பு நடத்தும் வீதிகளும் கூட. மல்லிகையும் பிச்சியும் மலைபோல் குவியும் பூச்சந்தையும், சேலை நெய்யும் தறிகளின் ஓசையும் இந்த ஊரின் அடையாளங்கள்; பூவும் சேலையும் கோயிலுக்கும் வேண்டும், வீட்டுக்கும் வேண்டும் என்பதால் அந்தத் தொழில்கள் இங்கே வேரூன்றியதில் ஆச்சரியமில்லை. இதைப் பற்றி விரித்துச் சொன்னால் இன்னொரு கட்டுரையாகிவிடும்.

பாளையக்காரர் காலத்தில் இக்கோயிலின் கதையோடு நெற்கட்டும்செவல் பூலித்தேவர் பெயர் பின்னிக்கொள்கிறது. 1755-இல் கர்னல் ஹெரான் தலைமையில் வந்த கும்பினிப் படைக்குக் கப்பம் கட்ட மறுத்துக் கோட்டைக் கதவை அடைத்த அந்தப் பாளையக்காரர், கட்டபொம்மனுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முந்தியவர். 1761-இல் கும்பினித் தளபதி யூசுப்கான் அவர் கோட்டைகளைப் பிடித்துக்கொண்டான். இறுதியில் அவரைக் கைது செய்து கொண்டுசென்றபோது, வழியில் சங்கரன்கோயிலில் வழிபட அனுமதி கேட்டு உள்ளே போனவர் திரும்பி வரவேயில்லை, கோயிலுக்குள்ளேயே ஜோதியாய் மறைந்தார் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். அவர் பெயரால் ஓர் அறையையும் கோயிலில் காட்டுவார்கள். இதைச் சரித்திராசிரியர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது வேறு. தோற்றுப்போன தலைவனைத் தூக்குமேடைக்கு அனுப்ப மனம் ஒப்பாத ஒரு நாடு, அவனைத் தன் தாயின் கருவறையிலேயே ஒளித்து வைத்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அம்மன் சந்நிதிக்கு முன்னுள்ள சக்கரக் குழியைப் பிரதிட்டை செய்தவர் திருவாவடுதுறை ஆதீனத்துக் குருமூர்த்திகளுள் ஒருவரான வேலப்ப தேசிகர் என்றும், அவரிடம் பூலித்தேவர் பக்தி பூண்டிருந்தார் என்றும் கூறுவர். மனநோய் கண்டவர்களை அந்தக் குழியில் அமர்த்தி அம்மனை வேண்டிக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது.

மகாசிவராத்திரி இரவில் முன்சொன்ன ஐந்து தலங்களையும் ஒரே மூச்சில் தரிசித்து வருவோர் உண்டு. அவர்களோடு சேர்ந்து சங்கரன்கோயிலிலிருந்து வடக்கே, ராஜபாளையம் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் போனால், நாம் முதலில் தேடிப் புறப்பட்ட ஆற்றங்கரைக் கோயிற்பகுதியை இறுதியில் கண்டடைகிறோம். அதுதான் கரிவலம்வந்தநல்லூர். இலக்கியத்தில் அதன் பெயர் திருக்கருவை. களாமரத்தின் அடியில் தோன்றிய பால்வண்ணநாதரும் ஒப்பனையம்பிகையும் கோயில் கொண்ட ஊர். நிட்சேப நதியின் கரை. இலக்கணத்தில் உள்ளபடி எல்லாம் இங்கே இருக்கின்றன: ஆறு உண்டு, ஆற்றுக்குச் சொல்லும் புராணம் உண்டு, பிதிர்க்கடன் செய்யும் கரை உண்டு, அரசனும் உண்டு, கவிதையும் உண்டு. மதுரையை விட்டு நீங்கிய பிற்காலப் பாண்டியர்கள் தென்காசியைத் தலைநகராக்கி, அங்கே சிற்றாற்றின் கரையில் 1446-இல் பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதருக்குக் கோயில் எடுக்கத் தொடங்கிய பிறகு, அந்த வமிசத்தின் ஒரு கிளை பதினாறாம் நூற்றாண்டில் கருவையில் வீற்றிருந்தது. நைடதத்தைத் தமிழில் பாடிய அதிவீரராம பாண்டியன் தென்காசியில். பிரமோத்தர காண்டத்தைப் பாடிய வரதுங்கராம பாண்டியன் கருவையில். பால்வண்ணநாதர்மேல் எழுந்த மூன்று அந்தாதிகளை இவ்விருவருள் யார் பாடினார் என்பதில் புலவர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. அவற்றுள் பதிற்றுப்பத்தந்தாதியைக் குட்டித் திருவாசகம் என்று கொண்டாடுவதில் மட்டும் பேதம் இல்லை. ராஜ்யம் சுருங்கச் சுருங்கப் பாட்டு வளர்ந்தது என்று அந்தப் பாண்டியர்களைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

அந்தக் கருவைப் பாண்டியனுக்குப் பிள்ளையில்லை. ஆதலால் அவன் இறந்தபின் ஈமக் கடன்களைப் பால்வண்ணநாதரே செய்தார் என்றும், ஆண்டுதோறும் அவன் திதியைக் கோயிலே நடத்துகிறது என்றும் அவ்வூரார் சொல்வார்கள். திருவண்ணாமலையில் வல்லாள மகாராஜனைப் பற்றி வழங்கும் கதையும் இதைப் போன்றதே. வாரிசாகிய கோயிலுக்கு அரசனுடைய மற்றச் செல்வங்களோடு அவன் சேர்த்து வைத்திருந்த ஏட்டுச் சுவடிகளும் வந்து சேர்ந்தன. பழைய தமிழ் நூல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையர் இந்தச் செய்தியைக் கேள்வியுற்று, ஓர் அரசனின் புத்தகசாலை கிடைக்கப் போகிறது என்ற ஆவலோடு கரிவலம்வந்தநல்லூருக்குப் போனார். அங்கே கோயில் நிர்வாகத்தைச் சேர்ந்தவர் அவருக்குச் சொன்ன செய்தி, பழுதுபட்ட சுவடிகளை என்ன செய்ய வேண்டும் என்று சாஸ்திரம் சொல்கிறதோ அதை வழுவாமல் செய்துவிட்டோம் என்பதாகும். அதாவது, ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டார்கள். பாழாக விட்டுவிட்டோமோ என்ற கலக்கமின்றி, விதிப்படி நடத்தி முடித்த மனநிறைவோடு அது சொல்லப்பட்டதைத்தான் ஐயரால் தம் சரிதத்தை எழுதிய முதுமைக்காலம் வரையிலும் மறக்க முடியவில்லை.

பஞ்சபூதங்களுள் நெருப்பு கரிவலத்துக்கு உரியது என்று வகுத்தவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். ஆற்றின் வெள்ளமும் கறையானும் விட்டுவைத்த ஏடுகளைப் பக்தி எரித்துவிட்டது. புன்னைவனத்துக் கோயிலைப் பற்றியும், உக்கிரபாண்டியனைப் பற்றியும், இந்த இரண்டு கோயில்களுக்கும் இடையிலிருந்த உறவைப் பற்றியும் அவற்றில் ஏதேனும் ஒரு வரி இருந்திருக்கலாம் என்று எண்ணுவது ஊகமே என்றாலும், ஒரு ராஜகுடும்பத்துச் சுவடிக் குவியலில் அண்டை ஊர்ப் பெருங்கோயிலைப் பற்றி ஒன்றுமே இல்லாதிருக்குமா? இன்று கரிவலத்தில், சங்கரன்கோயிலில் கூடுவது போன்ற ஜனத்திரள் கூடுவதில்லை. ரயிலும் பெருஞ்சந்தையும் கோமதியம்மனின் தவமும் சேர்ந்து மக்களைத் தெற்கே இழுத்துக்கொண்டன. மலையிலே மழை பெய்தால் மட்டும் நிட்சேப நதியில் நீர் வருகிறது. அந்த நீர் கண்மாய்களை நிரப்பியது போக எஞ்சியது வைப்பாற்றில் சேர்ந்து, மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. அது போகும் வழி சங்கரன்கோயில் பக்கமாக இல்லை.